விரிசல் பிறந்த இடம்

"தப்பு செஞ்சவன் யாருன்னு ரிப்போர்ட்டுல கொட்டை எழுத்துல போடணும், மேடம். சொந்தக்காரன்னு தயவு தாட்சண்யம் வேண்டாம்."

பட்டறைக்காரர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிலும் முதுகு நூல் பிடித்தது போல நிமிர்ந்திருந்தது. சலவைச் சட்டையின் பை மட்டும் எதையோ சுமந்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

உலோகவியல் துறையின் சோதனைக்கூடம் அது. மேசை மேல் இரண்டு ஷாஃப்ட்டுகள் கிடந்தன. தண்ணீர் பம்புக்குள் சுழலும் எஃகுத் தண்டுகள். ஒன்று பத்து வருடம் ஓடியும் திடமாக இருந்தது. மற்றது ஆறே மாதத்தில், தடிமன் குறுகும் கழுத்தில் முறிந்து இரண்டாகியிருந்தது.

"சொந்தக்காரர்னா யாரு?" என்று கேட்டார் பேராசிரியை.

"என் பொண்ணைக் கட்டினவன். வெளியில பெஞ்சுல உட்கார வெச்சிருக்கேன். எஃகைக் காய்ச்சிப் பதம் ஏத்தற உலை அவன் பொறுப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி பட்டறைக்குள்ள வந்தான். ரெண்டு வருஷமாத்தான் ஷாஃப்ட் உடையுது. கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

"நாங்க கூட்டிக் கழிக்கிறதில்ல ஐயா. அறுத்துப் பார்ப்போம்."

"நல்லா அறுங்க! எங்கப்பா பேரு குத்தின சாமான் மேடம் இது. அதுக்கு முன்னாடி அம்பது வருஷத்துல ஒரு புகார் வந்ததில்ல. என் கை படாம ஒரு சாமான் வாசலைத் தாண்டாது. உங்க ரிப்போர்ட் கைக்கு வந்ததும் உலைச் சாவியை அவன்கிட்ட வாங்கிடப் போறேன். பொண்ணு மூணு நாளா என்கூடப் பேசல. பேசாட்டி போகட்டும். பேரு போனா வருமா?"

ஆராய்ச்சி மாணவி ஒரு கோப்புடன் உள்ளே வந்தாள். பட்டறைக்காரரை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"இவருக்கே சொல்லிடும்மா. முதல் வருஷப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றார் பேராசிரியை.

"கடினத்தைச் சோதிச்சோம் சார், குறையே இல்ல. மெருகேத்தி மைக்ராஸ்கோப்புல பார்த்தோம். எஃகுக்குள்ள பொடிப்பொடியா, ஒரே சீரா மணி மணியா கட்டியிருக்கு. பதம்னா இதுதான் பதம். பாடம் நடத்த ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கேன்."

"பழைய ஷாஃப்ட்டைச் சொல்றியாம்மா?"

"இல்ல சார், உடைஞ்சதைத்தான். பழசால இதுகிட்ட நிக்கக் கூட முடியாது."

பட்டறைக்காரரின் முகம் சிறுத்தது. "அப்புறம் ஏன் உடைஞ்சுதாம்? கண்ணு பட்டுடுச்சா?"

"களைச்சுப் போச்சு சார்."

"இரும்பு களைக்குமா?"

"நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து சுத்தினா யாருதான் களைக்க மாட்டாங்க? மேல சின்னதா ஒரு காயம் இருந்தாப் போதும். அங்கேருந்து விரிசல் தினம் ஒரு மயிரிழை நகரும். ஒருநாள் பட்டுன்னு போயிடும்."

முறிந்த தண்டை எடுத்து, அதன் உடைந்த முகத்தை விளக்கின் கீழ் பிடித்தாள்.

"குளத்துல கல்லைப் போட்டா வட்டம் வட்டமா அலை விரியும் இல்ல? அந்த மாதிரி கோடு தெரியுதா? கோடெல்லாம் சுருங்கிச் சுருங்கி எங்க போய் முடியுதோ, அதுதான் விரிசல் பிறந்த இடம்."

அவர் குனிந்தார். கோடுகள் எல்லாம் தண்டின் விளிம்பில் ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன.

"அங்க என்ன இருக்கு?"

மாணவி தண்டைத் திருப்பி, அதே இடத்தைப் பெரிதாக்கி எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஐந்து எழுத்துகள். அவருடைய அப்பாவின் பெயர். மூன்றாவது எழுத்தின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது.

"பழைய ஷாஃப்ட்லயும் இதே பேரு இருக்கு சார். ஆனா நுனியில, லேசா. அங்க குத்தினா ஒண்ணும் ஆகாது. இதுல யாரோ கழுத்துக்கு மாத்தியிருக்காங்க. பாரமெல்லாம் கழுத்துலதானே விழும்? அதுலயும் பாம்பை அடிக்கிற மாதிரி அடிச்சிருக்காங்க. யார் மேல என்ன கோபமோ!"

பேராசிரியை தொண்டையைச் செருமினார். "ரிப்போர்ட்டுல 'மேற்பரப்பில் ஒரு குறி'ன்னு பொதுவா எழுதிடலாம் ஐயா. உங்க பட்டறைப் பேரு வெளியில தெரிய வேண்டாம்னா..."

"வேண்டாம்." அவர் எழுந்து நின்றார். "கண்டதைக் கண்டபடி எழுதுங்க. எங்கப்பா பேருக்குப் பொய்யால முட்டுக் கொடுக்க வேண்டாம்."

கதவருகே போனவர் நின்று திரும்பினார். "ஏம்மா, அந்தப் பதம்... நிஜமாவே அவ்வளவு நல்லா இருக்கா?"

"வந்து பாருங்க சார், மைக்ராஸ்கோப் இன்னும் போட்டபடிதான் இருக்கு."

"நான் பார்த்து என்ன ஆகப்போகுது? செஞ்சவரைக் கூட்டிட்டு வரேன்."

நடைவழியில் மருமகன் பெஞ்சிலிருந்து எழுந்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்ததுமே, கேட்கும் முன்பாகவே, உலைச் சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"இந்தாங்க மாமா."

பட்டறைக்காரர் சாவியைத் தொடவில்லை. கனத்துத் தொங்கிய சட்டைப் பையில் கையை விட்டு, அப்பா காலத்திலிருந்து தன்னைத் தவிர யார் கையிலும் கொடுக்காத பெயர் குத்தும் அச்சை எடுத்து, அந்தச் சாவியின் மேலேயே வைத்தார்.

"இனிமே பேரையும் நீங்களே குத்துங்க, மாப்பிள்ளை. நுனியில... லேசா."