வியாழக்கிழமை டாக்சி

விசாரணையை மெத்தைக்கடையில் வைத்தார்கள். அந்தத் தெருவில் பத்துப் பேர் ஒன்றாக உட்கார வேறு இடமில்லை.

யார் அசைந்தாலும் மெத்தைகளின் பிளாஸ்டிக் உறை கறமுறவென்று சத்தம் போட்டது. அதனால் யாராலும் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியவில்லை.

நடுவில், இருப்பதிலேயே அதிகம் அமுங்குகிற ஸ்பிரிங் மெத்தையில், சாவிக்காரனை உட்கார வைத்திருந்தார்கள். சாவியைத் தொலைத்தவர்களுக்கெல்லாம் மாற்றுச்சாவி செய்து கொடுக்கிறவன். ரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்து ஒரு வருஷம் ஆகிறது.

குற்றச்சாட்டு இதுதான்: வியாழக்கிழமைதோறும் டாக்சியில் போய் வருகிறான். எட்டு வாரமாக.

நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர் ஹார்ட்வேர் கடைக்காரர். தெரு சேர்ந்து திரட்டிய சிகிச்சை நிதிக்கு அவர்தான் பொருளாளர். ஐம்பது கொடுத்தாலும் ரசீது கிழித்துக் கொடுப்பார் என்பதால் எல்லோரும் அவரை ‘ரசீது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்டாட்டி உட்பட.

சாதாரண வசூலா அது! ஜெராக்ஸ் அக்கா இருந்த இரண்டு மெஷினில் ஒன்றை விற்றார். பேக்கரிக்காரர் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். ரசீது தன் கடைக்கூரையை ஒழுகட்டும் என்று விட்டார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ரசீது.

அத்தனையையும் ஆஸ்பத்திரி விழுங்கி ஏப்பம் விட்ட பிறகு, ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றார் டாக்டர். தெருவே கேக் வெட்டியது. வெட்டிய கையோடு, சாவிக்காரனில் ஆளுக்கொரு பங்கு தங்களுக்கு உண்டு என்றும் முடிவு செய்துகொண்டது.

அவன் மழையில் நின்றால் மெத்தைக்கடைக்காரர், “உள்ள போப்பா, எங்க காசு நனையுது” என்று கத்துவார்.

பேக்கரியில் கிரீம் பன் கேட்டால் கிடைக்காது. “உனக்குள்ள என்னோட பத்தாயிரம் இருக்கு” என்று பேக்கரிக்காரர் கோதுமை ரொட்டியை நீட்டுவார்.

தும்மினால் நாலு கடையிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும்.

அவன் எதற்கும் முகம் சுளித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவன் டாக்சியில் போகிறான். அதுவும் பின் சீட்டில், தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மகாராஜா மாதிரி. இரண்டு தெரு தள்ளி இறங்கி நடந்து வேறு வருகிறான். ஜெராக்ஸ் அக்கா தன் கண்ணால் பார்த்திருந்தார்.

“எங்கப்பா போற? மறைக்காம சொல்லு.”

சாவிக்காரன் எழுந்து நின்று பதில் சொல்லப் பார்த்தான். மெத்தை விடவில்லை.

“சினிமாவுக்கு.”

கறமுற.

வாசலில் நின்றிருந்த அவன் மனைவி சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

என்ன படம் என்றார்கள். சண்டைப் படம் என்றான். எட்டு வாரமும் ஒரே படமா என்றார்கள். ஆமாம் என்றான்.

பேக்கரிக்காரருக்கு ஆர்வம் தாங்கவில்லை. கடைசியில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார்.

“பாதியிலேயே தூங்கிடுறேண்ணே. இன்னும் முடிவு பாக்கல.”

இரண்டு பேர் சிரித்தார்கள். மெத்தைக்கடைக்காரர் சிரிக்கவில்லை. பெரிய தொகை கொடுத்தவர் அவர்.

“இன்னொரு தடவை உனக்கு ஏதாவதுன்னா இந்தத் தெருவையே வித்தாலும் பத்தாது. அது தெரியுமா உனக்கு?”

“தெரியும்ணே.”

தீர்மானம் போட்டார்கள். இனி வியாழக்கிழமைகளில் சாவிக்காரன் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே மெத்தைக்கடையில், எல்லோர் கண்ணெதிரிலும் உட்கார வேண்டும். ரசீது அதை வார்த்தை பிசகாமல் எழுதி, கையெழுத்துக்காக நோட்டை நீட்டினார்.

சாவிக்காரன் எட்டி வாங்கும்போது சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியது.

மணிக்கட்டுக்கு மேலே, பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. சுற்றிலும் நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அந்தக் கைக்குப் பக்கத்தில் ஆறு மாதம் ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் ரசீது. எந்த நரம்பில் ஊசி ஏறும், எதில் ஏறாது என்று நர்ஸுக்கே சொல்லிக்கொடுத்தவர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாவிக்காரன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“சினிமான்னே இருக்கட்டும்ணே,” என்றான், பக்கத்து மெத்தைக்குக்கூடக் கேட்காத குரலில்.

ரசீது அதுவரை எந்த நோட்டிலும் ஒரு வரி பொய் எழுதியதில்லை. நோட்டைத் திரும்ப வாங்கி, எழுதிய தீர்மானத்தை அடித்தார். கீழே வேறு என்னவோ எழுதினார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்:

“வியாழக்கிழமைகளில் இவரைக் கண்காணிக்கும் முழுப் பொறுப்பும் பொருளாளருடையது.”

ரசீது கண்ணில் யாராலும் மண்ணைத் தூவ முடியாது. எல்லோருக்கும் பரம திருப்தி. கறமுற கறமுறவென்று எழுந்து அவரவர் கடையைப் பார்க்கப் போனார்கள்.

ரசீது கையைக் கொடுத்து அவனை மெத்தையிலிருந்து தூக்கிவிட்டார். நினைத்ததைவிட லேசாக வந்தான்.

“படம் எத்தனை மணிக்கு?”

“காலைல எட்டரைக்குண்ணே.”

“கூட ஆளை உள்ள விடுவாங்களா?”

“ஒருத்தர விடுவாங்க.”