ராணியைப் பார்க்கப் போனவர்

பருத்தி விலை கேட்டு வருகிறேன் என்று ஞாயிறு தவறாமல் மதுரைக்குப் போகும் புருஷன் பால்சாமியைச் சந்தனம்மாள் நம்பவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் விற்கப் பருத்தி ஏது? அவர் சட்டைப்பையில் கிடந்ததோ நாடகக் கொட்டகை டிக்கெட்.

ஒரு ஞாயிறு அவர் கிளம்பியதும், ஊர் பாலவனத்தத்தில் அடுத்து வந்த, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து அவளும் போனாள். ஊரே வாய்பிளந்து பார்க்கும் அந்தப் பழைய கொட்டகையின் தேக்குத் தூண்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் புருஷனின் அடையாளம் சொன்னாள்.

"கடுக்கன் போட்ட அண்ணாச்சியா? ராணி வந்தாத்தான் நிமிந்தே உக்காருவாரு. ராணி அழுதா இவரும் அழுவாரு தாயி."

சந்தனம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அந்தச் சிறுக்கி எப்படி இருப்பா?"

"பகல் ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. நீங்களே போய்ப் பாருங்க."

உள்ளே போனபோது ராணி மேடையில் நடந்து வந்தாள். ஒரு தோள் சாய்ந்த அந்த நடை சந்தனம்மாளுக்கு நன்றாகத் தெரிந்த நடை. ஆம்பளைகள் பெஞ்சு என்றுகூடப் பாராமல் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாடகத்துக்கு ஓடிப்போன மகன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு அய்யனார் முன்னால சத்தியம் பண்ணுனீக. பெத்தவ என்னையும் பாக்க விடல."

பால்சாமி மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் மூஞ்சியிலயா முழிக்கேன்? நான் பாக்கிறது ராணி மூஞ்சிதான."