அடுத்த வயல்காரர்

பரந்தனுக்குக் கிழக்கே எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் முறை முடிந்தவர் வரம்பில் நின்று அடுத்த வயல்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் பதில் சொன்ன பிறகுதான் தன் மடையை அடைப்பார்.

எங்களுக்கு அடுத்த வயல் பரமலிங்கத்தாருடையது. தண்ணீரால் வந்த பகையில் அவர் வெட்டுப்பட்டுச் செத்தார். அந்தக் கொலைக்காக என் கணவர் சிவகரன், அவர் தம்பி இருவருக்கும் மரண தண்டனை கிடைத்தது. சிவகரன் கூப்பிட்ட குரல் கேட்டுத்தான் தன் கணவர் வயலுக்குப் போனார் என்று பரமலிங்கத்தாரின் மனைவி சாட்சி சொல்லியிருந்தார். மேன்முறையீட்டில், குரலை மட்டும் வைத்து ஆளை உறுதிப்படுத்த முடியாது என்று இருவரையும் விடுவித்தார்கள். அதற்குள் ஆறு வருடங்கள் போய்விட்டன.

நேற்று எங்கள் முறை. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். சிவகரன் மடையை அடைத்துவிட்டுக் கைகழுவினார்.

"கூப்பிடேல்லையோ?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஆரைக் கூப்பிடுறது?"

அந்த வயலில் ஆளுயரப் புல்தான் நின்றது. அவர் முதல் பிடி சோற்றை வாயில் வைத்தார்.

"பரமண்ணை, உங்கட முறை!"

சிவகரனின் குரல்தான். மடைப் பக்கமிருந்து கேட்டது. அங்கே ஒருவரும் இல்லை. என் முன்னால் இருந்தவர் வாய் நிறையச் சோற்றோடு அசையாமல் இருந்தார். பிறகு மெல்ல விழுங்கினார்.

"பரமண்ணை செத்த அண்டைக்கும் நான் கூப்பிடேல்லை, கஜனி."

புல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஓம், வாறன்."

காற்று இல்லை. புல் எங்களை நோக்கி விலகிக்கொண்டே வந்தது.