கூட்டைக் கேட்காத மரங்கொத்தி

ஆலமரத்தில் காகம் நடத்திய அரட்டைக் கூட்டத்தில் அணில் சேர்ந்த அன்றே, கூடு எங்கே, குட்டி எத்தனை என்றெல்லாம் காகம் விசாரித்தது. காகம் சொல்லித்தான் மறுவாரம் பாம்பு கூட்டு வாசலுக்கே வந்தது.

குட்டிகளோடு தப்பிய அணில் புதுக்கூடு கட்டியது. பிறகு மரங்கொத்தி நடத்தும் வேப்பமரக் கூட்டத்துக்குப் போனது.

"நாங்க பேசுறது உனக்குக் கேட்குமா?" என்று மரங்கொத்தியிடம் கேட்டது.

"கேட்கும். நீங்க உட்கார்ந்து பேசுற பொந்தெல்லாம் நான் கொத்தினதுதானே? ரகசியம்னா இங்கே பேசாதே."

"என் கூடு எங்கேன்னு சொல்லணுமா?"

"அது எனக்கெதுக்கு?"

அணில் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் பாம்பு மரமேறியது. "அணிலோட கூடு எங்கே?"

"தெரியாது. நான் கேட்கவே இல்லையே!" என்றது மரங்கொத்தி.

பாம்பு பொந்து பொந்தாகத் தலையை விட்டுத் தேடியது. அரட்டைக்கு வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பழக்கொட்டைகள்தான் கிடந்தன. பசியோடு இறங்கிப் போனது.

விஷயம் பரவி, மறுநாள் சாயங்காலம் ஆலமரக் கூட்டத்து அணில்கள் அத்தனையும் வாலைத் தூக்கிக்கொண்டு வேப்பமரம் ஏறின. ஆலமரத்தில் காகம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.