வெறும் கண்ணாடி

விளக்கணைத்த ஆய்வகத்தில் பேராசிரியையின் தோளில் இருட்டு பூனை மாதிரி ஏறிப் படுத்திருக்கிறது. ஒளிர்வு நுண்ணோக்கி விற்க வந்தவன், கண்ணாடித் தகட்டில் அவள் தந்த உயிர்ச்செல்களைப் புதுக் கருவியில் வைக்கிறான். நீல ஒளி பாய்கிறது. செல்களில் வருஷத்துக்கு வருஷம் பெருகுவதாக அவள் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பேரும் பதவியும் வாங்கிய பச்சைப் புள்ளிகளைக் காணோம். "பழசுல பாப்போமா, மேடம்?" அவளுடைய பழைய நுண்ணோக்கியில் புள்ளிகள் ஜம்மென்று மினுக்குகின்றன. அவளுக்கு மூச்சு வருகிறது. செல் தகட்டை எடுத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத வெறும் கண்ணாடியை அவன் வைக்கிறான். அதே புள்ளிகள், அதே இடத்தில். "லென்ஸுக்குள்ள பூஞ்சை, மேடம். நல்லா வளத்திருக்கீங்க. வெறும் கண்ணாடிய வெச்சுப் பாத்ததே இல்லையா?" வெளியே அவள் மாணவர்கள் சிரிக்கிறார்கள். "புதுசு வேண்டாம் தம்பி. இதுலதான் நல்லாத் தெரியுது." விளக்கைப் போட நீண்ட அவன் மணிக்கட்டை அவள் பிடிக்கிறாள், விடுவதாக இல்லை.