இன்றைய தப்பு

"அந்த ரொட்டிக்கடைக்காரனை இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

ரொட்டி உறையில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து ஆட்டினார் மாமனார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். எவர் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார். பிழையைப் பார்த்தால் பொறுக்கமாட்டார்.

"இங்க பாரும்மா. டெசர்ட்ல ஒரு 'எஸ்'ஸை முழுங்கிட்டான். இவன் விக்கறது இனிப்பா, பாலைவனமா?"

"விடுங்க மாமா. கோபப்பட்டா உடம்புக்கு ஆகாது."

"நேத்து லூஸ்ல ஒரு 'ஓ'வைக் கூட்டினான். டோக்கனைத் தொலைக்காதீங்கன்னு சொல்ல வந்தவன், தளர்த்தாதீங்கன்னு சொல்றான். டோக்கன் என்ன, என் பெல்ட்டா? எப்படிச் சும்மா விடறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். திருத்தக் கிளம்பியவரின் சிவப்புப் பேனா மேஜையிலேயே கிடந்தது. கோபத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள் மருமகள்.

அவர் தெருமுனை திரும்பியதும் ஃபோனை எடுத்தாள். "அண்ணா, கிளம்பிட்டார். வழக்கம்போல திட்டு வாங்கிக்குங்க."

"எனக்கென்னம்மா! அவர் திட்டறதைக் கேக்கவே நாலு பேர் கடைக்கு வர்றாங்க" என்று சிரித்தார் ரொட்டிக்கடைக்காரர்.

இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். மகன் கெஞ்சினான், மருமகள் அழுதே விட்டாள். மனுஷன் நாற்காலியை விட்டு அசைந்தால்தானே!

ஒருநாள் ரொட்டி உறையில் ஒரு தப்பைப் பார்த்ததும்தான் துள்ளி எழுந்தார். கடை மூன்று தெரு தள்ளி. அன்றிலிருந்து தினம் ஒரு தப்பு எழுதி ஒட்டுவது அவள் வேலையாகிவிட்டது. குட்டு உடைந்தால் மறுபடி நாற்காலிதான் என்ற பயம் மட்டும் அவளை விடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். முகத்தில் நல்ல தெளிச்சி.

"திட்டித் தீர்த்துட்டேன். பசிக்குது, ரொட்டியை எடு."

"இனிமே திருந்திடுவார் மாமா" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் அந்தச் சீட்டை அவள் கையிலேயே கொடுத்தார்.

"நாளைக்காவது இடது கையால எழுதும்மா."