கருப்பாகிப் போன முகூர்த்தப் படம்

"தாலி கட்டுற படம் மொத்தமும் கருப்பாப் போச்சாமே, நிசந்தானா தம்பி?"

மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டுடியோவுக்குள் வந்து கேட்டார். போட்டோகிராபர் அன்புச்செல்வன் மவுஸை விட்டுவிட்டு எழுந்தான். ஏதாவது வழி பண்ணிவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். வீடியோ எடுத்த நந்தினி, அவன் பெண்டாட்டிதான், போனில் உண்மையை உளறித் தொலைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். போன வாரம் கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டிய அதே நொடியில், மேடை ஓரத்தில் அவன் வைத்திருந்த இரண்டு லைட்டும் பொசுக்கென்று அணைந்து மேடையே இருண்டுபோனது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலியில் இப்படி. கரண்ட் என்னவோ போகவில்லை. யார் காலோ பட்டிருக்கும், ஒயர் பிடுங்கிக் கிடந்தது. மண்டபத்து ஆள் அதைத் தேடிப்பிடித்துச் சொருகுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்து முடிந்துவிட்டது. செல்போனில் எடுத்தவர்களுக்கெல்லாம், முன்னால் நின்று இருட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்த அன்புச்செல்வனின் முதுகுதான் கிடைத்தது.

முத்தாண்டிக்குப்பத்துக்காரன் மந்தாரக்குப்பத்தில் கடை போட்டு ஆறு மாதம் ஆகிறது. டவுன்ஷிப்பில் கிடைத்த முதல் கல்யாணம் இது. தாலி கட்டுகிற படத்தையே கோட்டைவிட்டவன் என்று மாப்பிள்ளை வீடு இருக்கிற பதினெட்டாம் பிளாக்கில் பேர் கெட்டால், அடுத்த ஷிஃப்ட் முடிவதற்குள் அத்தனை பிளாக்குக்கும் தெரிந்துவிடும். அப்புறம் கடையைச் சாத்திவிட்டு ஊருக்கே முந்திரிக்கொட்டை உடைக்கப் போக வேண்டியதுதான்.

"வீடியோவும் அப்படித்தானா?"

அதுவும் கருப்புதான் என்று தலையைச் சொறிந்தான்.

"ஒருத்தர் முகமும் தெரியாதா?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருக்கும். அவசரமாக நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தான்.

"பயப்படாதீங்கம்மா. வீடியோதான் போச்சு. போட்டோவ நான் ரா ஃபார்மட்டுலதான் எடுத்துக்கினு இருந்தேன்."

அப்படியென்றால் என்ன என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, அவன் சொன்னான். மைன்ஸில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டுக் கரியை மட்டும் எடுப்பதுபோல, சாதாரணமாக எடுத்தால் கேமரா தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடும். ராவில் எடுத்தால் லென்ஸுக்குள் வந்தது மண்ணும் கரியுமாக அப்படியே இருக்கும். இருட்டில் கிடக்கிற முகத்தைக்கூட நிதானமாகத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் ரொம்பி வழிகிறது என்று நந்தினி தினமும் திட்டுவதையும் சொன்னான். பேச்சியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாமா தெரியும்?"

"எல்லாமேதாங்க. பாருங்க நீங்களே."

மவுஸை இழுத்தான். கருப்பு சாம்பல் நிறமானது. சாம்பலுக்குள்ளிருந்து மாப்பிள்ளை சசிகுமாரின் மூக்கு வந்தது, பெண்ணின் குனிந்த தலை வந்தது, மாலையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக வந்தது. அன்புச்செல்வனுக்கே புல்லரித்துப் போயிற்று. பேர் தப்பியது. நாலு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

"பொண்ணுக்குப் பின்னால முடிச்சு போடுறாங்களே, அந்தப் பக்கம் என்ன தெரியும்?"

அதையும் இழுத்தான். உதட்டைக் கடித்தபடி ஒரு இளம்பெண் மூன்றாம் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதுகூடத் தெரிந்தது. ராவென்றால் ராதான்.

"நாத்தனார் முடிச்சு போடறது உங்க பொண்ணுங்களா? உங்க சாடையே இருக்குது. அவசரத்துல பொட்டு விழுந்துடுச்சு போல. ஒண்ணு வச்சு உட்டுடறேன்."

பேச்சியம்மாள் அந்த முகத்தைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

"பொட்டு வேண்டாம் தம்பி. ஆல்பத்துல கருப்பாவே போட்டுருங்க. வெளிச்சமா ஒண்ணு எனக்கு மட்டும் தனியாக் குடுங்க."

அன்புச்செல்வன் பதறிப்போனான். தப்பு தன்னுடையதுதான் என்றும், ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்றும், இதை மனதில் வைத்துக்கொண்டு படத்தையே வேண்டாமென்று சொல்லக் கூடாது என்றும் கெஞ்சினான்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்று எழுந்தார் பேச்சியம்மாள். "புருஷன் செத்தவ முடிச்சு போடக் கூடாதுன்னு என் கொழுந்தன்மாரு ஒத்தக்கால்ல நின்னாங்க. கூடப் பொறந்தவ திலகவதி இருக்கையில என் மவனுக்கு வேற யாரு போடுறது? கெட்டிமேளம்னு சத்தம் கேட்டதும் அந்த ஒயரைப் பிடுங்குனது நான்தான்."